முதலில் வயது, அப்புறம் அலை: குழந்தைகளின் ஈசிஜியைப் படிக்கும் முறை

தாளின் மேல் மூலையில் வயது எழுதாத ஈசிஜியை நான் கையில் வாங்குவதில்லை. எங்கள் வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு முதல் நாளே இது தெரிந்துவிடும். "கைக்குழந்தை மேடம்" என்று சொன்னால் போதாது. பிறந்து எத்தனை நாள், எத்தனை மாதம், குறைமாதமா நிறைமாதமா என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். கறாராகத் தோன்றினால் தோன்றட்டும். வி1 லீடில் (நெஞ்சின் வலது பக்கம் ஒட்டும் மின்முனையின் பதிவில்) நிமிர்ந்து நிற்கும் டி அலை, அதாவது துடிப்பின் கடைசியில் வரும் அலை, 2 நாள் குழந்தைக்கு இயல்பானது. அதே அலை 2 மாதக் குழந்தையிடம் இருந்தால் வலது கீழறை பெருத்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வயது தெரியாமல் இதில் எதை எழுதுவது?

நான் இதய நிபுணர் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு பார்க்கிறவள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கும் மருத்துவர் எல்லா நாளும் கிடைக்க மாட்டார். ஈசிஜி இயந்திரம் நடுராத்திரியிலும் இருக்கும். அதனால் இந்தக் குறிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு: ஹவுஸ் சர்ஜன்கள், முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள், ஈசிஜி டெக்னீஷியன்கள். பெற்றோர் படித்தாலும் தப்பில்லை. ஆனால் கையிலிருக்கும் தாளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பிள்ளையைப் பார்க்காமல் தாளை மட்டும் படித்து எழுதுவதை நான் எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கே அனுமதிப்பதில்லை.

இன்னொரு விஷயம். இயந்திரம் தானாகவே அச்சடித்துத் தரும் விளக்கத்தை மடித்துப் பின்னால் தள்ளிவிடுங்கள். வயதைப் பதியாமல் விட்டால் அது பெரியவர் கணக்கில் படித்துவிடும். கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருக்கும் 4 மாதக் குழந்தையின் தாளில் 'பழைய மாரடைப்பாக இருக்கலாம்' என்று அடித்துத் தள்ளும். அதை யாரோ ஒருவர் தாய்க்கு வாசித்தும் காட்டிவிடுவார். அப்புறம் அவரைத் தேற்றுவதுதான் நமக்கு முதல் வேலை.

தாளை ஒழுங்காக எடுப்பது

அழுகிற குழந்தைக்கு ஈசிஜி எடுப்பது நேர விரயம். அம்மா மடியிலேயே வைத்து, பால் கொடுத்து, கண் சொருகும் நேரத்தில் எடுங்கள். ஜெல்லி சில்லென்று பட்டால் விழித்துக்கொள்ளும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளலாம். ஃபேனுக்கு நேர் கீழே சட்டையைக் கழற்றிப் போட்டால் குளிரில் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமெல்லாம் கோட்டில் ஏறும். பெரியவர்களுக்கான உறிஞ்சுக் குமிழ்களைப் பிஞ்சு நெஞ்சில் வைக்காதீர்கள், வட்ட வட்டமாகக் கன்றிப்போகும். ஒட்டும் சிறிய எலெக்ட்ரோடு போதும். நெஞ்சு சின்னது என்பதால் ஒரு லீடின் ஜெல்லி பக்கத்து லீடின் ஜெல்லியோடு கலந்துவிடும். கலந்தால் இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

கைக்குழந்தைகளுக்கு வழக்கமான லீடுகளோடு வி4ஆர் ஒன்றும் எடுக்கச் சொல்வேன். இடது பக்கம் வி4 இருக்கும் அதே இடம், வலது பக்கத்தில். வலது கீழறைதான் இந்த வயதில் ராஜா, அதை நேராகப் பார்க்கும் லீடு வேண்டாமா?

பிறகு தாளின் ஓரத்தில் இருக்கும் அளவுக்குறியைப் பாருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம், விநாடிக்கு 25 மி.மீ. ஓட்டம் என்பது வழக்கம். குழந்தைகளின் நெஞ்சுச்சுவர் மெல்லியது, அலைகள் உயரமாக வந்து ஒன்றோடொன்று மோதும். அப்போது டெக்னீஷியன் உயரத்தைப் பாதியாகக் குறைத்திருப்பார். சில இயந்திரங்கள் கை கால் லீடுகளை முழு அளவிலும், நெஞ்சு லீடுகளை மட்டும் பாதி அளவிலும் போடும். அப்போது அந்தக் குறி நடுவில் ஒரு படி வைத்தது போல இருக்கும். இதைக் கவனிக்காமல் உயரத்தை அளந்தால் பெருத்த கீழறையும் இயல்பாகத் தெரியும். ஃபில்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு அழகாக வர வேண்டும் என்று 40 ஹெர்ட்ஸில் வைத்துவிடுகிறார்கள். குழந்தையின் கூரான அலைகளின் உச்சியை அது சீவிவிடும். 150 ஹெர்ட்ஸ் வைத்து எடுங்கள், கோடு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை.

எவ்வளவு வேகம், எங்கிருந்து துடிப்பு

ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஒரு பெரிய கட்டம் 0.20 விநாடி. பெரியவர்களுக்கு 300-ஐப் பெரிய கட்டங்களால் வகுப்பார்கள். குழந்தைகளின் துடிப்பு வேகமானது என்பதால் அந்தக் கணக்கு முரட்டுக் கணக்காகிவிடும். 1500-ஐச் சின்னக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டு ஆர் உச்சிகளுக்கு (துடிப்பின் உயரமான கூர்முனைகளுக்கு) நடுவே 10 சின்னக் கட்டம் என்றால் நிமிடத்துக்கு 150 துடிப்பு. 7 கட்டத்துக்கும் குறைவு என்றால் 214-ஐத் தாண்டிவிட்டது, நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

இயல்பு எது? பிறந்த குழந்தைக்கு 90 முதல் 180 வரை, 1 வயதில் 105 முதல் 170 வரை, 6 வயதில் 65 முதல் 135 வரை, 14 வயதில் 60 முதல் 120 வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போது இறங்கும், அழும்போது ஏறும், காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 10 துடிப்பு கூடும். டெங்கு தேறி வரும் பிள்ளைகளுக்குத் துடிப்பு 50, 60 என்று இறங்குவதை எங்கள் பக்கம் மழைக்காலம் முடியும்போதெல்லாம் பார்க்கிறோம். பிள்ளை தெம்பாக இருந்து, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும்.

அடுத்து பி அலை, மேலறையின் சிறிய அலை. ஒவ்வொரு க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் (கீழறையின் கூரான அலைத்தொகுதிக்கும்) முன்னால் ஒரு பி இருக்கிறதா? அது லீட் 1-லும் ஏ.வி.எஃப்.-லும் (இதயத்தைக் கீழிருந்து பார்க்கும் லீடு) நிமிர்ந்து நிற்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் துடிப்பு வர வேண்டிய இடத்திலிருந்துதான் வருகிறது. லீட் 1-இல் பி, க்யூ.ஆர்.எஸ்., டி மூன்றும் தலைகீழாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் கை ஒயர்கள் இடம் மாறியிருக்கும். மிச்ச இடங்களில் இதயமே வலது பக்கம் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி: வி1-இலிருந்து வி6 வரை பாருங்கள். ஒயர் மாறியிருந்தால் நெஞ்சு லீடுகள் வழக்கம்போல இருக்கும். இதயம் வலது பக்கம் இருந்தால் வி6-ஐ நோக்கிப் போகப் போக அலைகள் சுருங்கிக்கொண்டே போகும். அப்போது ஸ்டெதாஸ்கோப்பை வலது பக்கம் வைத்துக் கேளுங்கள், கேட்டுவிடும்.

பிள்ளை மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகி, விடும்போது மெதுவாகும். தாளில் இடைவெளி கூடிக் குறைந்து தெரியும். இது ஆரோக்கியமான இதயத்தின் அடையாளம். "ரிதம் சரியில்லை" என்று இதற்காகவே மதுரைக்கும் சென்னைக்கும் அலையவிடப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் நிறைய.

வலது கீழறையின் ஆட்சிக்காலம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். குழந்தைகளின் ஈசிஜியில் பெரியவர்களிடமிருந்து வேறுபடும் முக்கால்வாசி விஷயங்களுக்கு ஒரே காரணம்தான்.

கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம். வலது கீழறை அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இடதுக்கு இணையாகத் தடித்திருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்டதும் நுரையீரல் விரிந்து, அடுத்த சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்குகிறது. வலது கீழறைக்குச் சுமை குறைகிறது, இடதுக்குக் கூடுகிறது. ஆட்சி கைமாறும் இந்தக் கதைதான் தாளில் மாதத்துக்கு மாதம் எழுதப்படுகிறது.

பிறந்த குழந்தையின் க்யூ.ஆர்.எஸ். ஆக்சிஸ் (கீழறையின் மின்னோட்டம் மொத்தமாகப் போகும் திசை) வலது பக்கம், சுமார் 125 டிகிரியில் நிற்கும். லீட் 1-இல் அலை கீழ்நோக்கி இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். 1 மாதத்தில் 90 பக்கம் வரும். 3 வயதில் 60 பக்கம் வந்து, ஏறக்குறைய அங்கேயே தங்கிவிடும். வி1-இல் ஆர் அலை பிறந்த வாரத்தில் 20 மி.மீ.யைத் தாண்டினாலும் இயல்பாக இருக்கலாம்; 3 வயதுக்குள் அது குறைந்து, எஸ் (ஆருக்குப் பின்னால் வரும் பள்ளம்) ஆழமாகிவிடும். குறைமாதக் குழந்தைகளிடம் வலது கீழறையின் ஆதிக்கம் கொஞ்சம் குறைவாகவே தெரியும். தாளில் வாரக்கணக்கையும் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

டி அலைக்கு வருவோம். வி1-இல் பிறந்த முதல் சில நாட்கள் டி நிமிர்ந்து நிற்கலாம். முதல் வாரம் முடிவதற்குள் கவிழ்ந்துவிட வேண்டும். அதன் பிறகு 7, 8 வயது வரை கவிழ்ந்தே இருக்கும். இந்த இடைப்பட்ட காலத்தில் வி1-இல் நிமிர்ந்த டி அலையைப் பார்த்தால், ஆர் அலை உயரமாக இல்லாவிட்டாலும்கூட, வலது கீழறை அழுத்தத்தில் இருக்கிறது என்று எக்கோவுக்கு அனுப்புங்கள். நுரையீரல் வால்வு சுருக்கம், ஃபாலோ நோய் (நான்கு கோளாறுகள் சேர்ந்த பிறவி இதய நோய்), நுரையீரல் அழுத்தம் இறங்காமல் நிற்கும் பெரிய ஓட்டைகள் எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும்.

8 வயதுக்கு மேல் டி அலைகள் நெஞ்சின் இடது பக்கமிருந்து வலது பக்கமாக நிமிர்ந்துகொண்டு வரும்: முதலில் வி3, அப்புறம் வி2, கடைசியாக வி1. சில பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரையிலும் வி1 முதல் வி3 வரை கவிழ்ந்தே இருக்கும். அதற்குப் பெரியவர்களின் மாரடைப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. ஆனால் ஒன்று, வி5-லும் வி6-லும் கவிழ்ந்த டி அலை, பிறந்த முதல் சில நாட்களைத் தவிர எந்த வயதிலும் இயல்பு இல்லை. அதைப் பார்த்தால் விடாதீர்கள்.

வி1-இல் க்யூ.ஆர். என்று, அதாவது சிறிய பள்ளத்தோடு தொடங்கி உயரமாக எழும் அலை தெரிந்தால் வலது கீழறை கடுமையாகப் பெருத்திருக்கலாம். ஆர்.எஸ்.ஆர். என்று முயல் காது மாதிரி இரண்டு உச்சி தெரிந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. நல்ல பிள்ளைகளிலேயே பலருக்கு அது உண்டு. இரண்டாவது உச்சி சிறியதாக இருந்து, அகலமும் வயதுக்குள் அடங்கினால் விட்டுவிடலாம். இரண்டாம் இதய ஒலி பிளந்து, மூச்சுக்கு ஏற்ப மாறாமல் நின்றால் மட்டும் மேலறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போகும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழு 'மர்மர்' (இதய இரைச்சல்) என்று எழுதி அனுப்பும் பிள்ளைகளில் இப்படி அவ்வப்போது ஒன்று கிடைக்கும்.

ஆக்சிஸில் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் ஆக்சிஸ் வலதில்தான் இருக்க வேண்டும். அது மேல்நோக்கி, இடது பக்கம் திரும்பியிருந்தால், அதாவது லீட் 1-இல் மேலேயும் ஏ.வி.எஃப்.-இல் கீழேயும் இருந்தால், ஈசிஜி மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடும் அபூர்வமான இடங்களில் அது ஒன்று. டவுன் சிண்ட்ரோம் குழந்தை என்றால் இதயத்தின் நடுவில் மேலறை, கீழறைச் சுவர்கள் சேரும் இடத்தில் ஓட்டை. நீலம் பாய்ந்த குழந்தை என்றால் மூவிதழ் வால்வே உருவாகாத நிலை. ஃபாலோ குழந்தையும் நீலம்தான், ஆனால் அதன் ஆக்சிஸ் வலதில் நிற்கும்.

உயரங்களுக்கான எல்லைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கனடாவின் கியூபெக்கில் டவிக்னனும் கூட்டாளிகளும் 2141 நல்ல குழந்தைகளுக்கு எடுத்து 1979-80இல் வெளியிட்ட வயதுவாரி அட்டவணையைத்தான் பலரும் இன்றும் பார்க்கிறோம். அச்செடுத்து இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒல்லியான வாலிபப் பிள்ளைகளுக்கு இடது பக்க அலைகள் எல்லை தாண்டுவது சகஜம் என்பதை மட்டும் பக்கத்தில் பேனாவில் எழுதிக்கொள்ளுங்கள்.

பால் குடிக்கும்போது வேர்க்கும் குழந்தை

"பால் குடிக்கறப்போ வேர்த்துக் கொட்டுது டாக்டரம்மா, ரெண்டு வாய் குடிச்சிட்டு வீல்னு கத்துறான்." 2, 3 மாதக் குழந்தையைப் பற்றி அம்மா இப்படிச் சொன்னால் நான் நேராக லீட் 1-க்கும் ஏ.வி.எல்.-க்கும் (இதயத்தின் இடது பக்கத்தைப் பார்க்கும் லீடுகள்) போவேன். அங்கே ஆழமான, அகலமான க்யூ அலையும், கூடவே கவிழ்ந்த டி அலையும் இருந்தால், இடது கரோனரி தமனி மகாதமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கலாம். நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகமாக இருக்கும் முதல் வாரங்களில் தெரியாது. அழுத்தம் இறங்கியதும் இதயத் தசைக்குப் போக வேண்டிய இரத்தம் திரும்பி ஓட ஆரம்பிக்கும். அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே மாரடைப்பு. 1933இல் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் மூவரும் எழுதிய குழந்தை இதேதான். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும், 'இதயத் தசை பலவீனம்' என்று பெயர் வைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். அறுவை செய்து தமனியை இடம் மாற்றினால் பிழைத்து ஓடும் பிள்ளை அது.

எல்லா க்யூவும் இப்படி இல்லை. லீட் 2, 3, ஏ.வி.எஃப்., வி5, வி6-இல் ஒடுங்கிய க்யூ குழந்தைகளுக்கு இயல்பானது, லீட் 3-இல் 5 மி.மீ.க்கும் கீழே இறங்கலாம். ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒரு சின்னக் கட்டத்தை நெருங்கினால் சந்தேகப்படுங்கள்.

இடைவெளிகள்

பி.ஆர். இடைவெளி (பி தொடங்குவதிலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடங்குவது வரை) வயதோடு கூடும். பிறந்த குழந்தைக்கு 0.12 விநாடியைத் தாண்டினால் யோசிக்கலாம், வளர்ந்த பிள்ளைக்கு 0.18 வரை சரி. காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்த 10 வயதுப் பிள்ளைக்குப் பி.ஆர். நீண்டிருந்தால் ருமாட்டிக் காய்ச்சலுக்கான ஜோன்ஸ் அளவுகோலில் அது ஒரு சிறு குறி. இதய அழற்சியை ஏற்கெனவே பெருங்குறியாக எண்ணிவிட்டால் இதை மறுபடி எண்ணக் கூடாது.

பி.ஆர். குறுகி, க்யூ.ஆர்.எஸ். சரிவாக ஏறத் தொடங்கினால், அந்தச் சரிவுதான் டெல்டா அலை. 1930இல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் விவரித்தது. (இந்த ஒயிட்டும் மேலே சொன்ன ஒயிட்டும் ஒருவரே, பாஸ்டனின் பால் ஒயிட்.) இந்தப் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் 'டிகாக்சின் வேண்டாம், வெரபமில் வேண்டாம்' என்று எழுதிவிடுவேன்.

க்யூ.ஆர்.எஸ். அகலத்தில் பெரியவர் கணக்கு நம்மைக் கவிழ்க்கும். 0.12 வந்தால்தான் அகலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கைக்குழந்தைக்கு 0.08-ஐத் தாண்டினாலே அகலம்தான். கீழறையிலிருந்து வரும் வேகத் துடிப்புகூடக் கைக்குழந்தையிடம் ஒடுங்கலாகத் தெரியும். அதனால் அந்தப் பிள்ளையின் பழைய தாள் இருந்தால் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

உப்புகளைப் பற்றி இரண்டு வரி. பிறந்து 2 வாரமான ஆண் குழந்தை வாந்தியெடுத்து வதங்கி வந்து, டி அலைகள் ஒடுங்கி உயர்ந்து, பி தட்டையாகி, க்யூ.ஆர்.எஸ். அகன்றுகொண்டே போனால் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருக்கலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றுங்கள். வலிப்பு வந்த பச்சிளங்குழந்தையிடம் டி இயல்பாக இருந்து எஸ்.டி. (க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் டி-க்கும் நடுவிலுள்ள கோடு) மட்டும் தட்டையாக நீண்டிருந்தால் கால்சியம் குறைவு.

க்யூ.டி.: கையால் அளக்க வேண்டியது

இதை இயந்திரத்திடம் விடவே கூடாது. லீட் 2 அல்லது வி5-ஐ எடுங்கள். க்யூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை அளங்கள். பின்னால் வரும் சின்ன யு அலையைச் சேர்க்காதீர்கள். அதற்கு முந்தைய ஆர்-ஆர் இடைவெளியை விநாடியில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1920இல் பாசெட் சொன்ன கணக்கு. உதாரணத்துக்கு, ஆர்-ஆர் 16 சின்னக் கட்டம் என்றால் 0.64 விநாடி, வர்க்கமூலம் 0.8. க்யூ.டி. 9 கட்டம் என்றால் 0.36. வகுத்தால் 0.45. 0.44 வரை நிம்மதி. 0.46-ஐத் தாண்டினால் இன்னொரு நாள் அமைதியாக இருக்கும்போது மறுபடி எடுங்கள். 0.50 என்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனையோடு பேசுங்கள். 6 மாதத்துக்குள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். துடிப்பு மிக வேகமாக இருந்தால் இந்தக் கணக்கு க்யூ.டி.யைப் பெரிதாக்கிக் காட்டும், ஆகவே அழும் குழந்தையின் தாளில் அளக்காதீர்கள்.

யாருக்கெல்லாம் அளக்க வேண்டும்? முதல் முறை வலிப்பு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும். கிணற்றில் குதித்ததும் மயங்கிய பையன், அலாரம் அடித்ததும் விழுந்த பெண், திட்டும்போது சுருண்டவள் இவர்களில் சிலர் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கும் கட்டாயம் எடுங்கள். 1957இல் ஜெர்வெல்லும் லாங்கே-நீல்சனும் காது கேளாமையோடு நீண்ட க்யூ.டி.யும் திடீர் மரணமும் சேர்ந்து வந்த ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் இது வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கமாக இருக்கும் நம் ஊரில் இதை மறக்க முடியாது. நீண்ட க்யூ.டி. என்று தெரிந்துவிட்டால் வாந்திக்கு ஆன்டன்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின் என்று எழுதும் கையைக் கட்டிப்போட வேண்டும். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும்.

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கிய பிள்ளைக்கு ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் அனுப்பிவையுங்கள். படுத்திருக்கும்போது ஒன்றும் காட்டாமல், அட்ரினலின் ஏறும்போது மட்டும் வெறியாட்டம் ஆடும் கீழறைத் துடிப்பு வகை ஒன்று உண்டு. பிரேயரில் வெயிலில் நின்று, கண் இருட்டி, மெல்லச் சரிந்த பிள்ளை வேறு. அவளுக்குக் காலைச் சாப்பாடும் தண்ணீரும் போதும், தாளை ஒருமுறை பார்த்துவிட்டால் சரி.

மெதுவான துடிப்பு

பிறந்த குழந்தைக்கு 70, 80 என்று ஓடுகிறது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு பி-க்கும் மேலே புள்ளி வையுங்கள். பி-க்கள் சமமான இடைவெளியில், க்யூ.ஆர்.எஸ்.ஸோடு சம்பந்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் முழு இதய அடைப்பு (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராத நிலை). அம்மாவின் இரத்தத்தில் ரோ, லா எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு ஒரு நோயும் வெளியே தெரியாமல் இருக்கலாம், குழந்தையின் தாள்தான் அவருக்கு முதல் தகவல். 55-க்குக் கீழே போனால் பேஸ்மேக்கர் பேச்சு வரும். இதயத்தில் வேறு கோளாறும் இருந்தால் 70-லேயே வரும்.

பி-க்கள் சமமாக இல்லாமல், ஒன்றுவிட்டு ஒன்று அவசரமாக வந்து முந்தைய டி-க்குள் ஒளிந்துகொண்டிருந்தால் கதை வேறு. அது மேலறையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு, கீழே கடத்தப்படாமல் நின்றுவிடுகிறது. பார்வைக்கு அடைப்பு மாதிரியே இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். டி அலையில் ஒரு சின்னக் கூம்பு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் பொறுமைதான் இதற்கு வேண்டும்.

நம் ஊரிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மெதுவான துடிப்பு என்றால் மஞ்சள் அரளி விதையைத் தின்றிருக்கலாம் என்பதையும் நினைக்க வேண்டும். முதல் தாள் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடாமல் வார்டில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுங்கள், அடைப்பு பிறகும் வரலாம். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து திட்டாமல் பேசும் ஆள் ஒருவரும் வேண்டும்.

வேகமான துடிப்பு, கையில் ஊசி

கைக்குழந்தைக்கு 220-க்கு மேல், பெரிய பிள்ளைக்கு 180-க்கு மேல், ஒடுங்கிய க்யூ.ஆர்.எஸ்., பி தெரியவில்லை, அழுதாலும் தூங்கினாலும் மானிட்டரில் எண் அசையவில்லை என்றால் எஸ்.வி.டி., அதாவது கீழறைக்கு மேலிருந்து வரும் அதிவேகத் துடிப்பு. காய்ச்சலாலோ நீரிழப்பாலோ வரும் வேகம் இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்தது மாதிரி நிற்காது. துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் மாறும், பி-யும் தெரியும்.

இங்கே ஈசிஜி இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் சிகிச்சை. முதலில் பிளாஸ்டிக் பையில் ஐஸும் தண்ணீரும் போட்டு, மூக்கையும் வாயையும் மறைக்காமல் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் 15 விநாடி போல வையுங்கள். கண்ணை அழுத்தும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளையை ஊசியில்லாத சிரிஞ்சில் ஊதச் சொல்லலாம். நிற்கவில்லையா, முழங்கை மடிப்பு நரம்பில் அடினோசின் கிலோவுக்கு 0.1 மி.கி., அதிகபட்சம் 6 மி.கி., உடனே பின்னாலேயே சலைன். மெதுவாகப் போட்டால் இதயத்தைச் சேர்வதற்குள் மருந்து கரைந்துபோகும். அடுத்த தடவை கிலோவுக்கு 0.2 மி.கி. 1 வயதுக்குள் வெரபமிலைத் தொடாதீர்கள். பிள்ளை கண் சொருகி, கை கால் சில்லிட்டுக் கிடந்தால் நரம்பு தேடி நேரம் போக்காமல் ஒத்திசைவு ஷாக் (துடிப்போடு ஒத்துக் கொடுக்கும் மின்னதிர்ச்சி), கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல்.

மருந்து உள்ளே போகும் அந்தச் சில விநாடித் தாள்தான் நோயைச் சொல்லும். திடீரென்று நின்று இயல்புக்கு வந்தால் சுற்றிச் சுற்றி ஓடிய மின்பாதை அறுந்தது, வந்த உடனே டெல்டா அலை இருக்கிறதா என்று பாருங்கள். நிற்காமல், நடுவில் க்யூ.ஆர்.எஸ். காணாமல் போய், கீழே ரம்பப் பல் வரிசை தெரிந்தால் மேலறை ஃப்ளட்டர் (மேலறை மிக வேகமாகப் படபடப்பது). இதைப் பதிவு செய்யாமல் மானிட்டரை மட்டும் பார்த்து "நின்னுடுச்சு சார்" என்று அனுப்பிவிட்டால், பிள்ளை பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது தாள் இயல்பாக இருக்கும். அங்கே இருப்பவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

ஆகவே முன், நடு, பின் மூன்று தாளையும் பிள்ளையோடு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் வயது, எடை, நேரம், கொடுத்த மருந்தின் அளவு. வெப்பக் காகிதம் மாதங்களில் மங்கிவிடும், செல்லோடேப் ஒட்டினால் ஒட்டிய இடம் அதைவிட வேகமாக வெளுக்கும். ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து அனுப்புவதானால் தாளை மேஜைமேல் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, அளவுக்குறி படத்துக்குள் விழும்படி எடுங்கள்.